அறுபத்து மூன்று கிலோவாட்

கூட்டத்தில் யாரும் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தால் சென்னிமலைக்குத் தாங்காது. அது பிறவிக் குணம். பள்ளிக்கூடத்துப் பெற்றோர் சங்கமோ, மாரியம்மன் கோயில் நோம்பியோ, எதுவாக இருந்தாலும் சரி, "யாருங்க முன்னால நிக்கறீங்க?" என்று ஒருவர் கேட்டு, மற்றவர்கள் எல்லோரும் தரையைப் பார்க்க ஆரம்பித்ததும் இவருடைய கை தானாக மேலே போய்விடும். பிறகு வீட்டுக்கு வந்து மனைவி ருக்மணியிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார். அறுபத்தோரு வயதாகிவிட்டது. இனித் திருந்துகிற ஆள் இல்லை.

கரட்டுப்பதியில் எல்லா வீட்டுக்கும் சேர்த்து சோலார் வாங்கலாம் என்ற பேச்சு வந்ததும் அப்படி ஒரு கூட்டத்தில்தான். பாலக்காட்டுக்குக் கிழக்கே, கொழிஞ்சாம்பாறை தாண்டி, தமிழ்நாட்டு எல்லைக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிற ஊர் அது. வெயிலுக்கு அங்கே என்றைக்கும் பஞ்சம் வந்ததில்லை. ஒரே தெருவில் இருபத்தொரு வீடு. தனித்தனியாகப் போய்க் கேட்டால் கம்பெனிக்காரன் ஒரு விலை சொல்லுவான், இருபத்தொரு வீடும் மொத்தமாகப் போனால் இறங்கி வருவான், அரசாங்க மானியமும் கிடைக்கும் என்று வாசகசாலையில் வந்து பேசியவர்கள் சொன்னார்கள். எல்லாம் சரி. வீடு வீடாகப் போய்க் காகிதம் வாங்க வேண்டும், கையொப்பம் வாங்க வேண்டும், கரண்டு ஆபீஸுக்கு நடக்க வேண்டும். யார் செய்வது? எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். கை மேலே போனது.

இதில் ஊருக்கும் நிம்மதி. சென்னிமலை கைவைத்தால் காரியம் நடக்கும் என்பதை அவர்கள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். கரட்டுப்பதி, வாய்க்காலின் கடைமடை. மேலே இருப்பவர்கள் மதகைத் தூக்கி வைத்துக்கொண்டு தங்கள் தென்னைக்கு வேண்டிய மட்டும் பாய்ச்சிய பிறகு, ஏதாவது மிஞ்சினால் இங்கே வரும். சென்னிமலை எட்டு வருஷம் இரிகேஷன் ஆபீஸுக்கு நடையாய் நடந்தார். "மேல இருக்கறவன் வகுறு முட்டக் குடிச்சது போகத்தான் கீழ இருக்கறவனுக்குங்களா? அளந்து உடுங்க" என்று ஒவ்வொரு இன்ஜினியர் மேசைக்கு முன்னாலும் நின்று அதையே சொன்னார். கடைசியில் முறை வைத்துத் தண்ணீர் விட்டார்கள். அதற்குப் பிறகு ஊரில் அவருக்கு இருந்த மரியாதை கொஞ்சநஞ்சமல்ல. அந்த மரியாதை அவருக்குப் பிடித்தும் இருந்தது. அதை மறைத்துப் பேசுவானேன்.

காகிதம் கொண்டுவந்து கொடுத்த முதல் ஆள் பூவாத்தாள். தெருவின் கடைசி வீட்டுக்காரி. கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் பாத்திரம் கழுவப் போகிறவள். புருஷன் ஆறுச்சாமிக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. அவனைக் காலையில் கட்டிலில் உட்கார வைத்துவிட்டு, கைக்கெட்டும் இடத்தில் தண்ணீர் செம்பை வைத்துவிட்டு, ஆறு மணி பஸ்ஸைப் பிடிப்பாள். சாயங்காலம் திரும்பி வரும்போது சில நாள் செம்பு கீழே உருண்டு கிடக்கும், அவனும் கீழே கிடப்பான்.

"மாவு அரைச்சு வித்தா ஊட்டோட இருந்துக்கலாமுங்கண்ணா," என்றாள் சென்னிமலையிடம். "போன வருசம் ரெண்டு கிரைண்டர் வாங்கிப் போட்டு ஓட்டியும் பாத்தேனுங்க. மாவு வித்தது பூராவும் கரண்டு பில்லுக்கே போயிருச்சு. இந்தச் சோலார் வந்துருச்சுன்னா நான் கஞ்சிக்கோட்டுக்குப் போறதை நிறுத்திப் போடுவேனுங்க. இவரு பக்கத்துலயே இருப்பேன்."

"வந்துரும் அம்மிணி. நான் இருக்கேன்ல," என்றார் சென்னிமலை. அவள் பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுத்த காகிதங்களைப் பத்திரமாக பீரோவில் வைத்தார். அந்த நேரத்தில் அவர் சொன்னதில் கலப்படம் இல்லை.

மறுவாரம் கரண்டு ஆபீஸில் சப் இன்ஜினியர் ரிஜின் விஷயத்தை விளக்கினான். கூரையில் உண்டாகி வீட்டுச் செலவு போக மிஞ்சுகிற மின்சாரம் தெரு டிரான்ஸ்பார்மர் வழியாகத்தான் வெளியே போக வேண்டும். அது தாங்குவதற்கு ஓர் அளவு உண்டு. கரட்டுப்பதி டிரான்ஸ்பார்மரில் மிச்சமிருப்பது அறுபத்து மூன்று கிலோவாட். அதற்கு மேல் ஒன்றுகூட ஏற்ற முடியாது.

சென்னிமலை மனதுக்குள் வகுத்துப் பார்த்தார். வீட்டுக்கு மூன்று, இருபத்தொரு வீடு, அறுபத்து மூன்று. சாதாரண வீட்டுக்கு மூன்று கிலோவாட் தாராளம். கணக்கு இப்படிக் கச்சிதமாக விழுந்ததில் அவருக்கு ஒரே சந்தோஷம். இந்த அளவு விஷயத்தை அவர் ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. எல்லோருக்கும் சரியாக வந்துவிட்ட பிறகு, வீணாக எதற்குக் குழப்புவது என்று நினைத்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மகள் மௌனிகாவும் மாப்பிள்ளை சிவப்பிரகாஷும் உடுமலையிலிருந்து வந்திருந்தார்கள். மாப்பிள்ளை நல்ல பையன், ஒரு கெட்ட எண்ணமும் கிடையாது. சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு, துண்டில் துடைத்துக்கொண்டே கேட்டான்.

"எத்தனை கிலோவாட் போடறீங்க மாமா?"

"மூணுங்க மாப்பிள்ளை."

"மூணுதானுங்களா? எங்க ஊட்ல எட்டு போட்டிருக்கறமுங்க. நாங்க வந்தா ஏ.சி. ரெண்டு ஓடோணும், கரண்டு வண்டிக்குச் சார்ஜ் ஏத்தோணும். பத்துமுங்களா?"

அவ்வளவுதான் அவன் கேட்டது. சென்னிமலைக்கு எங்கேயோ சுருக்கென்று தைத்தது. எத்தனையோ இரிகேஷன் இன்ஜினியர் முன்னால் நிமிர்ந்து நின்ற மனுஷனுக்கு மாப்பிள்ளை முன்னால் நிற்க முடியவில்லை. நம் பக்கத்தில் பெண்ணைக் கொடுத்தவர்கள் எல்லோருக்கும் இருக்கிற வியாதி இது. மாப்பிள்ளை ஒன்று கேட்டால், நம்மிடம் அது இல்லை என்று சொல்ல நாக்கு எழும்பாது.

"ஊருக்கெல்லாம் மூணுங்க மாப்பிள்ளை. நம்மூட்டுக்கு ஆறு போடறமுங்க," என்றார்.

சொன்ன பிறகுதான் அறுபத்து மூன்று ஞாபகம் வந்தது. ராத்திரி படுத்துக்கொண்டு தனக்குத்தானே ஒரு சமாதானம் கண்டுபிடித்தார். இருபத்தொரு பேர் சேருகிற காரியத்தில் ஒருவனாவது கடைசி நேரத்தில் பின்வாங்காமல் இருப்பானா? எத்தனை சங்கம் பார்த்திருக்கிறார். யாராவது ஒருவர் கழன்றுகொண்டால் கணக்கு தானாக நேராகிவிடும். அந்த நிம்மதியில் தூங்கிப் போனார்.

பக்கத்து ஊர் ரமேஷ்குமார் கம்ப்யூட்டர் தெரிந்தவன். அவன்தான் எல்லோருடைய அபேட்சைகளையும், அதாவது விண்ணப்பங்களையும், ஆன்லைனில் ஏற்றிக் கொடுத்தான். ஏற்றுகிற வரிசையில்தான் ஆபீஸில் இடம் ஒதுக்குவார்கள். லிஸ்ட்டை சென்னிமலை தன் கையால் எழுதிக் கொடுத்தார். யார் முதலில் காகிதம் கொடுத்தார்கள் என்ற வரிசையில் எழுதியிருந்தால் பூவாத்தாள் பெயர் முதலில் வந்திருக்கும். அவர் தெருவின் தலைப்பிலிருந்து, அதாவது தன் வீட்டிலிருந்து எழுதினார். முதல் வரியில் தன் பெயர், எதிரே ஆறு. கடைசி வரியில் பூவாத்தாள்.

"அண்ணா, உங்களுக்கு ஆறுங்களா?" என்று ரமேஷ்குமார் நிமிர்ந்து பார்த்தான்.

"ஆமா. ஆறு."

அவன் அடித்தான். அவனுக்கு அளவு விஷயம் தெரியாது. தெரிந்தவர் ஒருவர்தான், அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒருவரும் பின்வாங்கவில்லை. மற்ற ஊர்களில் பாதிப் பேர் கழன்றுகொண்டார்கள் என்று கம்பெனிக்காரனே ஆச்சரியப்பட்டான். கரட்டுப்பதியில் அப்படி நடக்காததற்குக் காரணமும் சென்னிமலைதான். தயங்கியவர்கள் வீட்டுக்கு மூன்று தடவை நடந்து, கூரையைப் பார்த்து, பயத்தைத் தெளியவைத்து, எல்லோரையும் இழுத்துப்பிடித்து வைத்திருந்தார். யாராவது விழுவார்கள் என்று காத்திருந்தவரும் அவரே, விழாமல் தாங்கிப் பிடித்தவரும் அவரே. என்ன சொல்வது.

இருபது வீட்டுக்கு அனுமதி வந்தது. இருபத்தோராவது வீட்டுக்கு, டிரான்ஸ்பார்மரில் இடமில்லை என்று வந்தது.

அன்று அவர் பூவாத்தாள் வீட்டுக்குப் போகும் வழியிலேயே ஒரு காரியம் செய்திருக்கலாம். இன்னும் யார் கூரையிலும் ஓர் ஆணிகூட அடிக்கவில்லை. ரமேஷ்குமாரிடம் போய், "என்னோட ஆறை மூணாக்கு தம்பி" என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. தெருவில் பாதி தூரத்தில் நின்றும் பார்த்தார். அப்போது மாப்பிள்ளையின் முகம் கண்முன் வந்தது. மூணுதானுங்களா என்று கேட்ட முகம். நடந்துவிட்டார்.

பூவாத்தாள் வாசலில் கிரைண்டர் கல்லைக் கழுவி வெயிலில் காயவைத்திருந்தாள். ஆறுச்சாமி கட்டிலில் இருந்தான்.

"இடமில்லைன்னு சொல்லிட்டாங்க அம்மிணி," என்றார் சென்னிமலை. குரல் சரியாகத்தான் வந்தது. "நானும் நாலு தடவை ஆபீஸுக்குப் போய்ப் பேசிப் பாத்துட்டேன். டிரான்ஸ்பார்மர் தாங்காதுங்கறாங்க. யாருக்கோ ஒருத்தருக்கு இல்லாம போகோணும். நம்ம ஊர்ல அது உனக்குன்னு ஆயிருச்சு."

ஆபீஸுக்கு அவர் ஒரு தடவைதான் போயிருந்தார். அதுவும் அளவு கேட்கத்தான்.

ஆறுச்சாமி கோணிய வாயால் மெதுவாகச் சொன்னான்.

"அண்ணன் பேசியே நடக்கலீன்னா, நாம போயிப் பேசி என்ன ஆகப்போகுது பூவாத்தா. உடு."

"ஆமாங்க," என்றாள் அவளும். "நீங்களும் எங்களுக்காக நொம்பச் சிரமப்பட்டுட்டீங்கண்ணா. காப்பி குடிச்சுட்டுப் போங்க."

அந்தக் காப்பியை அவர் குடித்தார். எப்படிக் குடித்தார் என்பது அவருக்கே பிறகு புரியவில்லை.

ஒரு மாதத்தில் இருபது கூரையிலும் பேனல் ஏறிவிட்டது. சென்னிமலை வீட்டில் மட்டும் இரண்டு மடங்கு. தலைவர் வீடு, அப்படித்தான் இருக்கும் என்று ஊரே சொல்லிக்கொண்டது. ஒருவருக்கும் பொறாமை இல்லை. வாசகசாலையில் சின்னதாக ஒரு விழா வைத்தார்கள், சென்னிமலைக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். வந்தவர்களுக்கு இட்லி. அதை அவித்துக் கொண்டுவந்தவள் பூவாத்தாள். கேன்டீனில் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். யாரோ அவளையும் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். அவள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே எழுந்தாள்.

"எனக்கு அமையலீங்க. அது எங்க நேரம். ஆனா எனக்காக அண்ணன் நாலு தடவை ஆபீஸ் படி ஏறினாருங்க. கூடப் பொறந்தவனுங்கூட அப்படி ஏற மாட்டான்."

எல்லோரும் கைதட்டினார்கள். சென்னிமலையின் தோளில் பொன்னாடை முள்ளாய்க் குத்தியது. உட்கார்ந்த இடத்தில் பூமி பிளந்து உள்ளே போய்விடக் கூடாதா என்று இருந்தது அவருக்கு. தலையைக் குனிந்துகொண்டார். அதை அடக்கம் என்று நினைத்து இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

புது மீட்டர் காகிதத்தில் ஒப்பு போட ஆபீஸுக்குப் போனபோதுதான் மிச்சமும் தெரிந்தது. ரிஜின் வேலையை முடித்துவிட்டுச் சாதாரணமாகக் கேட்டான்.

"சேட்டா, அந்த லாஸ்ட் அபேட்ச தள்ளுபடி ஆச்சுல்ல, அவங்க ஏன் இங்க வரவே இல்ல?"

"வந்திருந்தா?"

"ரோட்டுக்கு அப்புறத்து டிரான்ஸ்பார்மர்ல அன்னிக்கு இடம் இருந்ததே. அவங்க வீடு தெருக் கடைசிதானே, ஒரு போஸ்ட் போட்டு லைன் வலிச்சுக் கொடுத்திருப்பேன். எழுதிக் கேட்டா போதும். இப்ப ஒரு கோழிப்பண்ணைக்காரர் வாங்கிட்டாரு. அதுவும் ஃபுல்."

சென்னிமலை மேசைப் பக்கம் குனிந்தார். "எம்பட ஊட்ல இருந்து மூணு கழட்டிக் கொடுத்துட்டா?"

ரிஜின் சிரித்தான். "சேட்டன் கழட்டினா அது கியூவில நிக்கிற அடுத்த ஆளுக்குப் போகும். பக்கத்து ஊர்க்காரங்க இப்பவே ஒம்பது பேர் ஆயிட்டாங்க. பெரிய டிரான்ஸ்பார்மருக்கு எழுதிப் போட்டிருக்கோம், எப்ப வரும்னு தெரியாது. அவங்களை வந்து பேரு பதிஞ்சு வைக்கச் சொல்லுங்க."

வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நின்றார். இரண்டு பஸ் போய்விட்டது. பூவாத்தாள் ஆபீஸுக்குப் போகாமல் இருந்தது ஏன் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். சென்னிமலை பேசி நடக்காதது நாம் பேசி நடக்காது என்று அந்த வீட்டில் நம்பினார்கள். வேறு யாராவது வந்து இடமில்லை என்று சொல்லியிருந்தால் அவள் பொழுது விடிவதற்குள் ஆபீஸ் வாசலில் போய் நின்றிருப்பாள். அவருடைய நல்ல பெயர்தான் அவளைக் கட்டிப்போட்டது. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் ருக்மணியிடம் எல்லாவற்றையும் சொன்னார். சமாதானமாக ஏதாவது சொல்லுவாள் என்று ஓர் ஓரத்தில் ஆசை இருந்தது. அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், நிமிரவில்லை.

"தண்ணிக்கு எட்டு வருசம் சண்டை போட்டீங்க. மேமடைக்காரன் மனுசனே இல்லீன்னு எத்தனை நாள் இந்த ஊட்ல உக்காந்து திட்டியிருப்பீங்க," என்றாள். "எங்கிட்டச் சொல்லி என்ன பண்றதுங்க. அவகிட்டப் போயிச் சொல்லுங்க."

போனார். முதல் நாள் போய் ஆறுச்சாமிக்கு எண்ணெய் தேய்க்கிற வைத்தியரைப் பற்றி விசாரித்துவிட்டுத் திரும்பினார். அடுத்த நாள், தெருக் குழாயில் தண்ணீர் ஒழுங்காக வருகிறதா என்று கேட்டுவிட்டு வந்தார். ஊருக்கெல்லாம் பேசுகிற வாய் அது. சொந்தக் குற்றம் என்று வந்ததும் பூட்டிக்கொண்டது. மூன்றாம் நாள் காலையில், இனி தப்பிக்க இடமில்லாமல் இருக்கட்டும் என்று ஆறு மணி பஸ் ஸ்டாப்பிலேயே போய் நின்றார்.

பூவாத்தாள் தூக்குச்சட்டியோடு வந்தாள். "என்னங்கண்ணா இந்நேரத்துல? பாலக்காட்டுக்குங்களா?"

"இல்லை அம்மிணி. உங்கிட்ட ஒண்ணு சொல்லோணும்."

சொன்னார். அறுபத்து மூன்று இருந்தது, எல்லோருக்கும் சரியாக வந்திருக்கும், தான் ஆறு எழுதினது, நாலு தடவை போனது பொய், ரோட்டுக்கு அந்தப் பக்கம் இடம் இருந்தது, அதையும் கேட்காமல் விட்டது, இனி பெரிய டிரான்ஸ்பார்மருக்குப் பேர் பதிந்து வைக்க வேண்டும் என்பது. ஒன்றையும் பூசி மெழுகவில்லை. மாப்பிள்ளை பேச்சை மட்டும் எடுக்கவில்லை. அதைச் சொன்னால் சாக்குச் சொன்னது போலாகிவிடும்.

அவள் திட்டவில்லை, அழவும் இல்லை. திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் இறங்கியிருக்கும். பஸ் வந்து நின்றது. கண்டக்டர் இவளைப் பார்த்து விசில் கொடுக்காமல் காத்திருந்தான். அவள் ஏறவில்லை, போகச் சொல்லிக் கையைக் காட்டினாள்.

"நேத்தும் கீழ உழுந்து கெடந்தாருங்க," என்றாள். பிறகு கேட்டாள், "பெரிய டிரான்ஸ்பார்மர் வந்தா அதுக்குப் பேரு பதியோணும்னு சொன்னீங்களே, அதுக்கு என்ன காயிதமுங்க வேணும்?"

"அன்னிக்குக் குடுத்தியே, அதேதான். எங்கிட்ட இருக்குது. நான் இன்னிக்கே கொண்டுபோய்ப் பதிஞ்சுட்டு வந்தர்றேன் அம்மிணி. நீ வேலைக்குப் போ."

"வேண்டாங்க," என்றாள். "நானே போறேன். அதை எங்கிட்டக் குடுத்தர்றீங்களா?"

இருவரும் தெருவில் நடந்தார்கள். அவள் இரண்டடி பின்னால் வந்தாள். வீட்டு கேட் வரை வந்து நின்றுகொண்டாள். ருக்மணி உள்ளே கூப்பிட்டும் வரவில்லை, "இருக்கட்டுங்கக்கா" என்றாள். சென்னிமலை பீரோவைத் திறந்து பிளாஸ்டிக் கவரை எடுத்துவந்து நீட்டினார்.

அவள் தூக்குச்சட்டியைக் கீழே வைத்துவிட்டு, கவரைப் பிரித்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். கரண்டு பில். வீட்டு வரி ரசீது. ஆதார் நகல். படிக்கத் தெரிந்தவள்தான், விரலை வைத்து வைத்துப் படித்தாள். கடைசியில் நிமிர்ந்தாள்.

"போட்டோ ரெண்டு குடுத்திருந்தேனுங்க. ஒண்ணுதான் இருக்குது."

அவர் திரும்ப உள்ளே போனார். பீரோவில் மற்ற வீட்டுக் காகிதங்களையெல்லாம் கலைத்துத் தேடினார். கீழ்த்தட்டில், ரமேஷ்குமாரிடம் கொடுத்த லிஸ்ட்டின் அடியில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. அதைக் கொண்டுவந்து கொடுத்தார்.

அவள் வாங்கிக் கவரில் போட்டாள். பிறகு எல்லாவற்றையும் மறுபடி வெளியே எடுத்து, முதலிலிருந்து எண்ணிப் பார்த்தாள். அவர் கொடுத்த காகிதத்தை அந்த ஊரில் அதுவரை யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. அவள் எண்ணி முடிக்கும்வரை சென்னிமலை கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சரியா இருக்குதுங்க," என்று சொல்லிவிட்டு அவள் போனாள்.